டிரம்மருக்கும் பெயர் உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்க ராக் இசைக்குழுவான கன்ஸ் அன்ட் ரோசஸின் 'அப்பெடைட் ஃபார் டிஸ்ட்ரக்‌ஷன்' ஆல்பத்தைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். போதைப் பழக்கத்தால் டிரம்மர் மாற்றப்பட்டார், அதனால் குழுவுக்குப் பெரிய இழப்பில்லை என்று ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். அந்த மனிதரின் பெயரைக்கூடப் போடவில்லை. கட்டுரையின் மேலேயே ஆல்பத்தின் அட்டைப்படத்தை அச்சிட்டிருக்கிறீர்கள். அதில் உள்ள சிலுவையில் ஐந்து மண்டை ஓடுகள், குழுவில் ஆளுக்கொன்று. அதில் ஒன்று அந்த டிரம்மர் ஸ்டீவன் ஆட்லருடையது.

இழப்பில்லை என்று எதை வைத்து எழுதினீர்கள்? நான் பல ஆண்டுகள் மேடைக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவன். எங்கள் குழுவில் ஒருமுறை என் இடத்துக்கு என்னைவிடக் கைத்தேர்ச்சி மிகுந்த ஒருவரை அமர்த்தினார்கள். தாளத்தில் இம்மி பிசகவில்லை. ஆனால் பாடகருக்கு மூச்சு விடும் இடம் பிடிபடவில்லை. கிடார் வாசித்தவர் அடிக்கடி திரும்பித் திரும்பிப் பார்த்தார். நன்கு பழகிய பாட்டுகள்கூட விறைத்துப்போயின. கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்தவன் நான். ஆகவே இதைக் கேள்விப்பட்டு எழுதவில்லை.

அந்த ஆல்பத்தின் 'நைட்ரெய்ன்' பாட்டின் தொடக்கத்தில் வரும் அந்த மணியோசையை மறுபடி கேளுங்கள். பிறகு டிரம்ஸ் இறங்கும்போது பாட்டு முன்னால் ஓடப் பார்க்கும், ஆட்லர் ஒரு மயிரிழை பின்னால் இழுத்துப் பிடிப்பார். அந்த இழுபறியில்தான் துள்ளல் இருக்கிறது. ஆல்பத்துக்கான டிரம்ஸை ஆறே நாளில் வாசித்து முடித்தவர் அவர். 1990 ஜூலையில் அவரை நீக்கிவிட்டு, தி கல்ட் என்ற ராக் குழுவிலிருந்து டிரம்மர் மேட் சோரமை அழைத்துவந்தார்கள். சோரம் திறமைசாலி, மறுக்கவில்லை. ஆனால் 1991இல் வந்த இரண்டு 'யூஸ் யுவர் இல்யூஷன்' ஆல்பங்களில் ஆட்லர் வாசித்தது 'சிவில் வார்' ஒன்றுதான். மற்றவற்றில் அந்த இழுபறி எங்கே? ஆட்லரோடு அந்தத் துள்ளலும் போய்விட்டது என்று குழுவின் கிடார் கலைஞர் இஸி ஸ்ட்ராட்லினே பேட்டியில் வருந்தியிருக்கிறார். இது உங்களுக்குத் தெரியாததல்ல.

ஹெராயின் அவரைச் சீரழித்தது உண்மை. ஆனால் அது அவர் ஒருவரோடு நின்றுவிட்டதா? குழுவின் இன்னொரு கிடார் கலைஞர் ஸ்லாஷ் தன் சுயசரிதையில் தன் கதையை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். பலருக்கு இருந்த நோய்க்கு ஒருவர் மட்டும் வெளியே போனார். ஆட்லர் வழக்குத் தொடர்ந்து, 1993இல் சுமார் 22.5 லட்சம் டாலரும் உரிமைத்தொகையில் பங்கும் பெற்றார் என்பதைக் கட்டுரையில் தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை.

எழுத உட்கார்ந்ததால் பழையதையும் சொல்லிவிடுகிறேன். 1992 ஆகஸ்டில் கனடாவின் மாண்ட்ரியாலில் இவர்கள் நிகழ்ச்சியில் நடந்த கலவரத்தைப் பற்றி முன்பு எழுதியபோது, பழைய ஐவர் நிற்கும் படத்தைப் போட்டீர்கள். அப்போது ஆட்லரும் இல்லை, இஸியும் இல்லை. அன்றே கடிதம் எழுதினேன், பதில் வரவில்லை. இன்னொரு கட்டுரையில் 'அப்பெடைட்' ஆல்பம் ஒரே இரவில் வென்றதாக எழுதினீர்கள். 1987 ஜூலையில் வெளியாகி, 1988 ஆகஸ்டில்தான் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. ஓராண்டுக்கு மேல் பஸ்ஸிலும் மேடையிலும் கிடந்து உழைத்தவர்களின் வெற்றி அது. அதே ஆகஸ்டில் இங்கிலாந்தின் டோனிங்டன் இசை விழாவில் இவர்கள் வாசித்துக்கொண்டிருந்தபோது கூட்ட நெரிசலில் இரண்டு ரசிகர்கள் இறந்தார்கள். அதையும் அரை வரியில் தாண்டிப் போனீர்கள். இரண்டு உயிருக்கு அரை வரிதான் இடமா ஐயா?

2016இல் பாடகர் ஆக்சல் ரோஸும் ஸ்லாஷும் பேஸ் கிடார் வாசிக்கும் டஃப் மெக்கேகனும் மறுபடி சேர்ந்தபோது, ஆட்லர் சில மேடைகளில் ஓரிரு பாட்டுக்கு விருந்தாளியாக வந்து வாசித்துவிட்டுப் போனார். தான் உருவாக்கிய பாட்டுக்கு விருந்தாளி! அந்தக் காட்சியைப் பார்த்து நான் கலங்கிப்போனேன். அதே மனிதரைத்தான் நீங்கள் பெயரில்லாத ஒருவராக ஆக்கியிருக்கிறீர்கள்.

அடுத்த இதழில் திருத்தமாக இரண்டு வரி போடுங்கள். ஆல்பத்தில் வாசித்த ஐவரின் பெயர்களும் அதில் இருக்கட்டும்: ஆக்சல் ரோஸ், ஸ்லாஷ், இஸி ஸ்ட்ராட்லின், டஃப் மெக்கேகன், ஸ்டீவன் ஆட்லர். என் கடிதத்தை வெளியிட இடமில்லையென்றால் பரவாயில்லை, அந்த இரண்டு வரி வந்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்