‘இமோதோ’ என்றால் தங்கச்சி

ஜப்பானியப் படங்களை இங்கே கொண்டுவரும் விநியோகஸ்தர்களுக்கும் ஓடிடி நிறுவனத்தாருக்கும்,

வணக்கம். இயக்குநர் ஹிரோகாசு கொரே-எடாவின் ‘ஷாப்லிஃப்டர்ஸ்’ படத்தை வீட்டில் அம்மாவோடு பார்த்தேன். 2018இல் கான் திரைப்பட விழாவில் முதல் பரிசான தங்கப் பனை வாங்கிய படம். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. திரையில் ஓடும் வரிகளை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

சிறுவன் ஷோதா ஒரு சின்னப் பெண்ணோடு பெட்டிக்கடையில் திருடுகிறான். கடைக்காரத் தாத்தா பார்த்துவிடுகிறார். அவர் அடிக்கவில்லை, திட்டவில்லை. தின்பண்டத்தைக் கையில் கொடுத்து, “தங்கச்சியை மட்டும் இதைச் செய்ய விடாதே” என்கிறார். அவர் சொல்லும் ‘இமோதோ’ தங்கையை மட்டும்தான் குறிக்கும். அக்காவுக்கு ‘அனே’ என்று வேறு சொல் இருக்கிறது. அப்படியே நம்மைப் போலத்தான். ஆங்கில வரியில் அது வெறும் ‘சிஸ்டர்’. அந்தப் பெண் அவனுக்குத் தங்கையே இல்லை. ரத்த உறவில்லாதவர்கள் ஒரே கூரையின்கீழ் குடும்பமாக வாழும் கதை இது. இதில் உறவுமுறைச் சொல் மங்கினால் படமே மங்கிவிடுகிறது. ஜப்பானியத் தலைப்பிலேயே ‘கசோகு’, அதாவது குடும்பம், இருக்கிறது. ஆங்கிலத் தலைப்பில் அதுவும் போய்விட்டது.

ஊருக்குக் காட்டும் முகத்தை ஜப்பானியர்கள் ‘ததெமாயே’ என்கிறார்கள். உள்ளே இருப்பது ‘ஹொன்னே’. கியோஷி குரோசாவாவின் ‘டோக்கியோ சொனாட்டா’வில் (2008) வேலை போன அப்பா தினமும் கோட்டு சூட்டோடு வீட்டைவிட்டுக் கிளம்பி, பூங்காவில் இலவசச் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கிறார். அவரைப் போலவே வேலையிழந்த நண்பர், மணிக்கு ஐந்து தடவை தானாக அடிக்கும்படி செல்போனை வைத்திருக்கிறார். இந்தப் படங்களில் வேஷம் பாதி பேச்சில்தான் இருக்கிறது. மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தவர் எந்த இடத்தில் சட்டென்று இறங்குகிறார் என்பதைத் தமிழின் ‘நீ’யும் ‘நீங்க’ளும் காட்டிவிடும். ஆங்கிலத்தில் எல்லாமே ‘யூ’.

ஆகவே தமிழ் வசன வரிகள் கொடுங்கள். ஆங்கிலத்திலிருந்து பெயர்க்க வேண்டாம். ஜப்பானியம் தெரிந்த தமிழரிடம் நேராகக் கொடுங்கள், உரிய சம்பளம் கொடுங்கள், அவர் பெயரையும் திரையில் போடுங்கள்.

‘ஷாப்லிஃப்டர்ஸ்’ முடிவில் ஒரு விசாரணைக் காட்சி வருகிறது. “பிள்ளைங்க உங்களை என்னன்னு கூப்பிட்டாங்க?” என்று கேட்கிறார்கள். அந்தக் குடும்பத்தில் அம்மாவாக வரும் நடிகை சகுரா ஆண்டோ பதில் சொல்லாமல் உள்ளங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார். நான் அந்த வரியைத் தேடிப்பிடித்துத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அந்த முகத்தில் பாதி ஓடிவிட்டது. அம்மா அந்தப் படத்தை இன்னொரு முறை பார்க்கக் கேட்டிருக்கிறார். அந்த முறை நான் பக்கத்தில் பேசாமல் உட்கார வேண்டும்.

அன்புடன்,
ஒரு ரசிகன்