ஐந்து பேர், ஐந்து வீடுகள்

கிளிநொச்சி
பங்குனி மாதம்

அன்பின் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவுக்கு இப்போது எப்படி? மன்னாரில் இருந்து யாழ்ப்பாணத்துக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போய் வருவது லேசான காரியம் இல்லை. இங்கே எல்லோரும் சுகம். காலபோக வெட்டு முடிந்து நெல்லு வீட்டுக்கு வந்துவிட்டது. மூத்தவனுக்கு இந்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை. மாமிக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைவு.

உனக்கு முதுமாணிக்கு இடம் கிடைத்த செய்தியை வாசித்ததும் இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அதுவும் வவுனியாவில்! நாங்கள் படித்த காலத்தில் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகம்தான். 2021 ஆவணியில்தான் தனிப் பல்கலைக்கழகம் ஆனது. பம்பைமடு மன்னார் ரோட்டிலேயே இருப்பதால் உனக்கு பஸ்ஸும் வசதி.

"படிப்பைப் பற்றிப் பயமில்லை, குழு ஒப்படைகளை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது" என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பயம் நியாயமானதுதான். தனி ஒப்படை என்றால் பிள்ளைகள் படுத்த பிறகு எழுதலாம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நாளைக்குத் தள்ளலாம். குழு என்று வந்துவிட்டால் உன் நேரம் உன் கையில் மட்டும் இல்லை. மற்றவர்களின் கந்தோர், மற்றவர்களின் பிள்ளைகள், மற்றவர்களின் வயல் எல்லாம் உன் ஒப்படைக்குள் வந்துவிடும்.

நான் இங்கே படிக்கிற படிப்பிலும் இதே கதைதான். எங்கள் ஒப்படைக் குழுவில் ஐந்து பேர். வவுனியா, மாங்குளம், புதுக்குடியிருப்பு, மல்லாவி, கிளிநொச்சி என்று ஆளுக்கொரு திசை. நேரில் கூட வேண்டுமென்றால் மாங்குளம்தான். ஏ9 வீதியும் முல்லைத்தீவு ரோட்டும் சந்திக்கிற இடம் என்பதால் எல்லோருக்கும் பஸ் இருக்கும். சந்திக்குப் பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக் கடையில் லப்டொப்பை வைத்துக்கொண்டு இருப்போம். மற்ற நாட்களில் இரவு ஒன்பதுக்குப் பிறகு சூமில். புதுக்குடியிருப்புக்காரி வாசலுக்கு வந்து நின்றால்தான் அவளுக்குச் சிக்னல் கிடைக்கும்.

பெண்கள் வாங்கும் நுண்கடன்தான் எங்கள் தலைப்பு. ஒப்படையின் கடைசித் தேதி மாசி மாதத்தில் வந்து விழுந்தது. எங்கள் பக்கத்தில் மாசி என்றால் நெல்லு வெட்டு என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. புதுக்குடியிருப்புக்காரி ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. கணவர் இல்லை. வயலையும் இரண்டு பிள்ளைகளையும் தனியாளாகப் பார்க்கிறாள். அந்தக் கிழமை முழுக்க அவளிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை. வட்ஸ்அப்பில் நீலக் கோடு மட்டும் விழும். குழுவில் ஒருவர் பொறுமை இழந்து, "பேரை எடுத்துவிட்டு ஒப்படையைக் கொடுப்போம்" என்று போட்டுவிட்டார்.

நான் அவளுக்குப் போன் எடுத்தேன். வரம்பில் நின்று கதைத்தாள். பின்னால் வெட்டு மெசின் இரையும் சத்தம். "நேற்று இரவு பதினொரு மணிக்குத்தான் மெசின் வந்தது அக்கா. இதை விட்டால் இனி அடுத்த கிழமைதான் என்கிறான். மழை கிழை வந்து நெல் சாய்ந்தால் நான் என்ன செய்கிறது?" என்றாள். குழுவில் இதைச் சொல்ல அவளுக்குக் கூச்சம். பாங்கில் வேலை செய்கிறவர்களுக்கு நடுவில் வயலைக் காரணமாகச் சொன்னால் சாட்டுச் சொல்கிறாள் என்று நினைப்பார்களாம்.

நான் மற்றவர்களுக்கு விசயத்தைச் சொன்னேன். எழுத்து வேலையை நாங்கள் எடுத்தோம். வெட்டு முடிந்ததும் நேர்காணல்களை அவள் எடுத்தாள். அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். படிவத்தோடு நாங்கள் போனபோது "கடன் ஒழுங்காய்க் கட்டுகிறோம்" என்று ஒரே பதிலைச் சொன்ன பெண்கள், அவளிடம் மனம் விட்டுக் கதைத்தார்கள். கிழமைக் காசு வாங்க ஆள் வரும் நாளில் வீட்டைப் பூட்டிவிட்டு அக்கம்பக்கத்தில் போய் இருப்பதை, ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் எடுத்ததை, தோட்டை அடகு வைத்ததை எல்லாம் சொன்னார்கள். பிள்ளையின் பழைய சீஆர் கொப்பி ஒன்றின் பின்பக்கங்களில் நுணுக்கமான எழுத்தில் எழுதிக்கொண்டு வந்தாள். சில தாள்களில் சேறு. எங்கள் அறிக்கையில் உயிருள்ள பகுதி அதுதான். அவளின் பேரை எடுத்திருந்தால் அந்தப் பகுதியும் போயிருக்கும்.

நிறுவன நடத்தை விரிவுரையில் றிங்கல்மன் என்கிற பிரெஞ்சு விவசாயப் பொறியியலாளரைப் பற்றிப் படித்தோம். ஆட்களை விட்டுக் கயிறு இழுக்கச் செய்து அளந்தவர். 1913இல் அவர் வெளியிட்ட கணக்கின்படி, எட்டுப் பேர் சேர்ந்து இழுக்கும்போது ஒவ்வொருவரும் தனியே இழுக்கும் பலத்தில் ஏறக்குறைய பாதிதான் வருகிறது. 1979இல் லத்தானே என்ற அமெரிக்க உளவியலாளரும் கூட இருந்தவர்களும் ஆட்களைக் கத்தவும் கைதட்டவும் விட்டுப் பார்த்தார்கள். கூட்டமாக இருந்தால் ஆள் ஆளுக்குக் குறைத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொருவரின் சத்தமும் தனித்தனியே தெரியும் என்று பிறகு சொன்னபோது அந்தச் சோம்பல் மறைந்துவிட்டதாம்.

இதைப் படித்துவிட்டுத்தான் எங்கள் குழுவில் ஒவ்வொரு பகுதிக்கும் பேர் போட்டோம். கூகிள் டொக்ஸில் பழைய பதிப்புகளைத் திறந்தால் எந்தப் பந்தியை யார், எப்போது எழுதினார் என்று தெரியும். அதனால் சண்டை குறைந்தது, உண்மைதான். ஆனால் செய்யாதவரையும் செய்ய முடியாதவரையும் அந்தத் திரை ஒரே மாதிரித்தான் காட்டும். வெறும் இடம் வெறும் இடம்தான். அங்கே வயல் தெரியாது, காய்ச்சல்காரப் பிள்ளை தெரியாது.

2009 ஆவணியில் செட்டிகுளம் இடம்பெயர்ந்தோர் முகாமுக்குள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்ததை யோசித்துப் பார். ஒரு பழைய வினாத்தாளை ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் எழுதினோம். தண்ணிக்கு வரிசையில் நிற்கப் போனவளுக்கு அன்றைய கணக்கை இன்னொருத்தி கொப்பியில் எழுதி வைப்பாள். ஏன் வரவில்லை என்று யாரும் கேட்டதில்லை. கேட்கத் தேவையே இருக்கவில்லை. ஒருவரின் நிலைமை எல்லோருடைய கண்ணுக்கும் முன்னால் இருந்தது. இப்போது மூன்று நான்கு மாவட்டங்களில் போனுக்குப் பின்னால் இருக்கிறோம். வாய் திறந்து சொன்னால்தான் தெரியும். அதனால் உனக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: முதல் கூட்டத்திலேயே, தலைப்பைப் பற்றிக் கதைக்க முன்னமே, எந்த நாட்களில் உன்னால் முடியாது என்று சொல்லிவிடு. அப்பாவின் கிளினிக் நாள், பள்ளிக்கூடத் தவணைப் பரீட்சை, மடுத் திருவிழா, எல்லாவற்றையும் சொல். நீ சொன்னால் மற்றவர்களும் சொல்வார்கள். எங்கள் அடுத்த ஒப்படையை அப்படித்தான் தொடங்கினோம். மாசிக்கு நெல்லு, மாதக் கடைசிக்குப் பிரதேச செயலக அறிக்கை, பாங்கில் கணக்கு முடிப்பு என்று எல்லாம் ஒரு தாளில் வந்தது. பிறகு கடைசித் தேதியைப் பற்றி விரிவுரையாளரிடம் நேரத்தோடேயே கேட்டோம். நேரத்தோடு கேட்டால் கொடுக்கிறார்கள்.

வீட்டைப் பற்றியும் கேட்டிருந்தாய். இவர் சனிக்கிழமைச் சமையலை எடுத்துக்கொண்டார். பருப்பும் முட்டைப் பொரியலும்தான், பிள்ளைகளுக்கு அது போதும். இரவு நான் படிக்க இருந்தால் மூத்தவனும் பயிற்சித்தாளைக் கொண்டுவந்து பக்கத்தில் இருப்பான். சில நாட்களில் அவன் கேட்கும் கேள்வியில் என் நேரம் போய்விடும். அந்த நேரத்தை அவனுக்குக் கொடுக்கத்தான் வேண்டும், அதில் எனக்குக் கணக்கு இல்லை. நித்திரைதான் குறைவு. அதை உனக்கு மறைக்க மாட்டேன்.

முதல் வகுப்பு முடிந்ததும் உன் குழுவில் யார் யார், எந்த ஊர் என்று எழுது. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு வருவாய்தானே? ஆய்வு முறையியல் குறிப்புகளைப் போட்டோக் கொப்பி எடுத்து வைத்திருக்கிறேன், அப்போது தருகிறேன். அதற்கு முன் தேவை என்றால் சொல், பஸ்ஸில் கொடுத்து விடுகிறேன்.

என்றும் அன்புடன்,
உன் தோழி