பாப்பாவுக்கு, சுங்குடிக் கடையின் இன்ஸ்டா பக்கம் பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அனைவரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம் சுங்குடிச் சேலைக் கடைக்கு இன்ஸ்டாகிராம் பக்கம் தொடங்க நீ அனுப்பிய திட்டத்தை அப்பாவும் நானும் உட்கார்ந்து முழுக்கப் படித்தோம். தினம் ஒரு ரீல்ஸ், வாரம் ஒரு லைவ், ஆறு மாதத்தில் பத்தாயிரம் ஃபாலோயர்ஸ், விளம்பரத்துக்கு மாதம் இவ்வளவு என்று வரிசையாகப் போட்டிருக்கிறாய். வேலைக்கும் போய்க்கொண்டு, ராத்திரி கண்விழித்து இதைச் செய்திருக்கிறாயே என்று மனசு நிறைந்துபோனது. போனில் பேசினால் பாதி மறந்துவிடும் என்பதால் என் மனதில் பட்டதை எழுதுகிறேன்.

திட்டத்தில் எத்தனை பேர் பார்ப்பார்கள் என்ற கணக்கு இருக்கிறது. எத்தனை சேலை தயாராகும் என்ற கணக்கு இல்லை. துணியைக் கையால் கிள்ளி முடிச்சுப் போட்டுப் புள்ளி வரவைக்கும் கைமுடிச்சுச் சேலைக்கு, முடிச்சுப் போடவே வடிவத்தைப் பொறுத்து வாரக்கணக்கில் ஆகும். அப்புறம் சாயம், காய வைப்பது, முடிச்சு அவிழ்ப்பது எல்லாம் இருக்கிறது. ஒரு ரீல்ஸ் ஓடி ஒரே நாளில் ஐந்நூறு பேர் கேட்டால் எங்கிருந்து கொடுப்போம்? அந்த நெருக்கடியில்தான் மெழுகு அச்சால் புள்ளி வைத்த பிரிண்ட் சேலையைக் கைமுடிச்சு என்று சொல்லி அனுப்பும் ஆசை வரும். மதுரைச் சுங்குடிக்கு 2005லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆனாலும் அச்சுப்புள்ளி வைத்த சேலை எத்தனையோ இடங்களில் அதே பெயரில் விற்கத்தான் செய்கிறது. நாமும் பிரிண்ட் சேலை விற்கிறோம், விலை குறைவு, தினசரிக் கட்டுக்கு நல்லது, அதில் தப்பே இல்லை. ஆனால் ஒவ்வொரு பதிவின் முதல் வரியிலும் இது கைமுடிச்சா, பிரிண்ட்டா என்று இருக்க வேண்டும். இதில் மட்டும் அம்மா விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அதனால் தினம் ஒரு ரீல்ஸ் வேண்டாம். மாத ஆரம்பத்தில் என்னென்ன தயாராகும் என்று அப்பா எழுதிக் கொடுப்பார். அதை வைத்து நீ அந்த மாதத்துக்குத் திட்டம் போடு. வாரம் இரண்டு பதிவு, நன்றாக இருந்தால் போதும். காலண்டரையும் நம் ஊர் கணக்குக்கு மாற்று. பங்குனி, சித்திரையில் வெயிலுக்குப் பருத்தி கேட்பார்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நேரத்தில் வெளியூரில் இருக்கும் மதுரைக்காரர் எல்லோருக்கும் ஊர் ஞாபகம் வரும், அப்போது நாலு பதிவு கூடப் போடலாம். தீபாவளிக்கு என்று ஐப்பசியில் போய் விளம்பரம் செய்யாதே. அப்போது மழை பிடித்துவிடும், சாயத்துணி காயாது, கூரியரும் நெரிசலில் தாமதமாகும். ஆடியிலேயே முன்பதிவு எடுத்துவிட வேண்டும்.

யாருக்கு விற்கிறோம் என்ற இடத்தில் "18 முதல் 35 வயதுப் பெண்கள்" என்று எழுதியிருக்கிறாய். வாங்கும் கைகள் அவர்களுடையதாக இருக்கலாம். ஆனால் கட்டுவது யார் என்று பார். நம்மிடம் ஒன்பது கஜம் கேட்டு வருபவர்களில் முக்கால்வாசி, பேத்தி பாட்டிக்கு வாங்குவது, மருமகள் மாமியாருக்கு வாங்குவது. மெத்தென்ற பருத்தியில், மடிசார் கட்ட நீளம் குறையாமல், அரக்கு, கரும்பச்சை, மாம்பழ மஞ்சள் என்று அந்தக் காலத்து நிறங்களில் வேண்டும் என்பார்கள். பெரிய ஜவுளிக்கடையில் இது எளிதில் கிடைப்பதில்லை என்றுதான் நம்மைத் தேடி வருகிறார்கள். அந்தப் பேத்தி இன்ஸ்டாகிராமில் இருக்கிறாள், பாட்டியிடம் வாட்ஸப் மட்டும் இருக்கிறது. பதிவைப் பேத்திக்கு எழுது. சேலையின் படத்தை அவள் அப்படியே பாட்டிக்கு அனுப்பும்படி எடு. முழுச் சேலை, முந்தி, பார்டர், நீளம், விலை எல்லாம் ஒரே பதிவில் இருக்கட்டும். "விலைக்கு இன்பாக்ஸ் வாருங்கள்" என்று எழுதாதே. விலை தெரியாவிட்டால் கூச்சப்பட்டுக் கேட்காமலே போய்விடுவார்கள், நான் கடையிலேயே பார்க்கிறேன்.

படத்தைக் காலையில் திண்ணையில், வெயில் நேரே படாத இடத்தில் எடுப்போம். ட்யூப்லைட் வெளிச்சத்தில் அரக்கு வேறு நிறமாகத் தெரியும், அப்புறம் நிறம் மாறிவிட்டது என்று திருப்பி அனுப்புவார்கள். ஃபில்டர் எதுவும் போடாதே.

வீடியோவுக்கு நீ யோசித்த டான்ஸ் எல்லாம் தேவையில்லை. முடிச்சுப் போடும் அக்கா திண்ணையில் துணியை மடியில் விரித்து, இடதுகை விரல் நகத்தால் துளியூண்டு கிள்ளி எடுத்து, நூலைச் சுற்றி இழுத்து, அறுக்காமலே அடுத்த புள்ளிக்குப் போவார்களே, அந்த விரலை மட்டும் பக்கத்தில் போய் எடு. பிறகு சாயம் ஏறிக் காய்ந்த துணியை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்கும்போது முடிச்சுகள் படபடவென்று தெறித்து, உள்ளே வெள்ளைப் புள்ளிகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். அந்தச் சத்தத்தோடே போடு, மேலே பாட்டு வேண்டாம். வியாபாரக் கணக்கில் சினிமாப் பாட்டுப் போட உரிமைச் சிக்கலும் உண்டு, வீடியோவின் சத்தத்தையே நிறுத்திவிடுவார்கள். ஒன்றை மறக்காதே, அக்காவிடம் முதலில் கேள். முகம் வேண்டாம் என்றால் கை மட்டும். அவர்கள் உழைப்பை வைத்துத்தான் நாம் பேர் வாங்குகிறோம், அவர்கள் சம்மதம் இல்லாமல் ஒரு படமும் போகக் கூடாது.

வாட்ஸப்பைத் திட்டத்தின் கடைசியில் வைத்திருக்கிறாய், அதை முதலில் கொண்டு வா. நம்மிடம் ஏற்கெனவே வாங்கியவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேரைத்தான் சேர்க்க முடியும், அதுவும் நம் நம்பரைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் போய்ச் சேரும். ஆகவே பார்சலில் ஒரு சின்னச் சீட்டு வைப்போம்: கடை நம்பர், சேமித்து வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி, முதல் துவைப்பைத் தனியாக உப்புத் தண்ணீரில் போடச் சொல்லி ஒரு வரி. பிசினஸ் ஆப்பில் கேட்டலாக் போட்டு, பணம் வந்தது, அனுப்பியது என்று லேபிள் ஒட்டி வைத்தால் எனக்கும் குழப்பம் இராது. ஃபேஸ்புக்கில் மடிசார் கட்டும் மாமிகள் நிறைய இருக்கிறார்கள், அதையும் விட்டுவிடாதே. யூடியூபை இப்போதைக்குத் தொடவே வேண்டாம்.

விளம்பரச் செலவில் பாதியைக் குறை. முதல் மூன்று மாதம் பணம் போடாமல் நடத்திப் பார்ப்போம். எந்தப் பதிவுக்கு நிறையப் பேர் கேள்வி கேட்டு எழுதுகிறார்களோ, அதை மட்டும் சென்னை, பெங்களூர், கோயம்புத்தூர் என்று ஊர் குறித்து, காசு கட்டி பூஸ்ட் செய். லைக் எண்ணிக்கையை என்னிடம் சொல்ல வேண்டாம். எத்தனை பேர் விசாரித்தார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள், வாங்கியவர்களில் யார் திரும்ப வந்தார்கள், இந்த மூன்றையும் மாதக் கடைசியில் எழுதி அனுப்பு. சேலையைக் கட்டிக் காட்டிப் பேச இன்புளூயன்சர் ஒருவருக்குக் காசு கொடுப்பதாக இருந்தால், விளம்பரம் என்று அவர் குறிப்பிட்டே ஆக வேண்டும். 2021 முதல் விளம்பரத் தர கவுன்சிலின் விதி அது. குறிப்பிட மாட்டேன் என்பவர் நமக்கு வேண்டாம்.

பதில் சொல்லும் வேலையைப் பிரித்துக்கொள்வோம். பகலில் நான் பார்க்கிறேன், சாயங்காலம் ஏழிலிருந்து ஒன்பது வரை நீ பார். ஒன்பதுக்கு மேல் தானியங்கிப் பதில் போகட்டும். நீ தூங்க வேண்டும், அதுவும் திட்டத்தில் ஒரு பகுதிதான். பணம் அனுப்பியதாக ஸ்கிரீன்ஷாட் வந்தால் அதை நம்பிப் பார்சல் கட்டக் கூடாது. வங்கிக் கணக்கில் ஏறியதா என்று அப்பா பார்த்துச் சொன்ன பிறகுதான்.

இன்னும் ஒன்று. பக்கத்தை உன் சொந்த நம்பரில் திறக்காதே, கடை நம்பரில் திற. பாஸ்வேர்டு உன்னிடமும் என்னிடமும் இருக்கட்டும், இரட்டைச் சரிபார்ப்பையும் போட்டுவிடு. நாளைக்கு உனக்கு வேலை மாறலாம், வெளிநாடு போகலாம், அப்போதும் கடை நடக்க வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வா, அப்பா ஆவணி வரைக்கும் சேலைக் கணக்கு எழுதி வைத்திருப்பார். உன் திட்டத்தை அதற்கு மேல் வைத்துத் திருத்துவோம்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா