குழந்தைகளோடு உயிரியல் பூங்காவுக்கு வரும் பெற்றோருக்கு

அன்புள்ள அம்மா அப்பாக்களுக்கு, கூடவே வரும் தாத்தா பாட்டிகளுக்கும்,

வணக்கம். விடுமுறை நாளில் சிங்கத்தின் முன்னால் எப்போதும் ஒரே பேச்சுதான்: "என்னப்பா, தூங்கிட்டே இருக்கு?" உடனே ஒருவர் கைதட்டுவார், இன்னொருவர் விசிலடிப்பார், கண்ணாடித் தடுப்பு இருந்தால் ஆளாளுக்குத் தட்டுவார்கள். தயவுசெய்து அதை நிறுத்துங்கள். அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

சிங்கம் காட்டிலும் அப்படித்தான் இருக்கும். ஒரு நாளில் 20 மணி நேரம் வரைகூடப் படுத்துக் கிடக்கும். வேட்டை பெரும்பாலும் இரவில். நாம் போவதோ நல்ல பகலில்.

பிள்ளைகளுக்குச் சலிப்பது விலங்கு அசையாததால் அல்ல. எதைப் பார்ப்பது என்று யாரும் சொல்லாததால். ஒட்டகச்சிவிங்கி அசைபோடும்போது அதன் கழுத்தைக் காட்டிப் பாருங்கள். விழுங்கிய இலை ஓர் உருண்டையாகக் கீழிருந்து மேலே ஏறி வாய்க்குள் போவது தோலுக்கு வெளியிலேயே தெரியும். கொஞ்ச நேரம் மெல்லும், விழுங்கும், அப்புறம் அடுத்த உருண்டை புறப்படும். அவ்வளவு நீளக் கழுத்திலும் எலும்புகள் 7தான், நமக்கு இருப்பதுபோலவே என்று சொல்லுங்கள். பிள்ளை தன் பிடரியைத் தடவிப் பார்க்கும். அடுத்த கூண்டுக்குப் போகலாம் என்று அவசரப்படப்போவது நீங்களாகத்தான் இருக்கும்.

தின்பண்டம் போடுவதையும் சொல்லியாக வேண்டும். மான் போன்ற அசைபோடும் விலங்குகளின் வயிற்றில் இலை தழையைச் செரிக்கவைப்பவை நுண்ணுயிர்கள். ரொட்டியும் பிஸ்கட்டும் உள்ளே போனால் வேகமாகப் புளித்து அமிலம் ஏறிவிடுகிறது. அளவு மிஞ்சினால் உயிரே போகும். "ஒண்ணே ஒண்ணுதானே" என்று நீங்கள் நினைப்பதைத்தான் வரிசையில் நிற்கும் எல்லோரும் நினைக்கிறார்கள். உறையோடு எறிந்தால் பிளாஸ்டிக் வயிற்றிலேயே தங்கிவிடும்.

கல்லெறிவதைப் பற்றி எழுதவே கை கூசுகிறது. 2017-இல் துனிசியாவின் தலைநகர் துனிஸில், பூங்காவுக்கு வந்தவர்கள் எறிந்த கல்லில் ஒரு முதலை செத்தே போனது.

குரங்குகளிடம் இன்னொரு கவனம் வேண்டும். பல குரங்கினங்களுக்குக் கண்ணை உற்றுப் பார்ப்பதும் பல்லைக் காட்டுவதும் சண்டைக்கு அழைப்பதுபோல. பிள்ளை சிரித்துக்கொண்டே முறைத்தால் விளையாட்டு என்று அதற்கு எப்படித் தெரியும்? பக்கவாட்டில் நின்று பார்க்கப் பழக்குங்கள்.

முடிந்தால் காலையில் திறந்ததும் வாருங்கள். வெயில் ஏறுமுன் பல விலங்குகள் நடமாடும், கூட்டமும் குறைவு. ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்து முடிக்கவும் வேண்டாம். பிள்ளையையே நாலைந்து விலங்குகளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, ஒவ்வொன்றின் முன்னாலும் ஆற அமர நில்லுங்கள். பக்கத்தில் யாராவது எதையாவது எறிந்தால் பேசாமல் நகர்ந்துவிடாதீர்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். கேட்காவிட்டால் காவலாளியைக் கூப்பிடுங்கள்.

அன்புடன்,
உங்களைப்போலவே பிள்ளைகளைக் கூட்டிவரும் ஒருவர்