தொடை நடுங்க எழுந்த கன்று

அன்புள்ள அம்மணிக்கு,

நேற்று விடியற்காலையில் நம் மயிலைப் பசு கிடாரிக் கன்று ஈன்றது. இரண்டு முறை சரிந்து விழுந்து, மூன்றாம் முறை அது எழுந்து நின்றபோது, டார்ச் வெளிச்சத்தில் அதன் தொடைச் சதை வெடவெடவென்று நடுங்கியது. எல்லாச் செல்லிலும் ஒரே மரபணுக்கள் இருக்க, தான் சதையாக வேண்டும் என்று ஒரு செல்லுக்கு எப்படித் தெரிகிறது என்று போன வாரம் நீ கேட்டது அப்போது நினைவுக்கு வந்தது. "மரபணு சொல்கிறது" என்று அவசரத்தில் சொல்லிவிட்டேன். முப்பது ஆண்டுகள் உயிரியல் நடத்தியவன் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

ஈரல் செல்லுக்கும் தொடைச் செல்லுக்கும் வேறுபாடு, எந்த மரபணு இயங்குகிறது, எது அடங்கியிருக்கிறது என்பதில்தான் இருக்கிறது. 1987-இல் சியாட்டிலில் ஹரால்டு வைன்ட்ராப் குழுவினர், வளர்ப்புத் தட்டிலிருந்த எலியின் ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற இணைப்புத் திசுச் செல்களுக்குள் மையோ-டி என்ற ஒரே மரபணுவைச் செலுத்தி இயங்க வைத்தார்கள். அச்செல்கள் தசையின் முன்னோடிச் செல்களாக மாறின.

மையோ-டி புரதம் தனியாக வேலை செய்வதில்லை. ஈ-புரதம் என்ற துணையோடு ஜோடி சேர்ந்து, டி.என்.ஏ.வில் ஈ-பாக்ஸ் எனப்படும் ஆறெழுத்து இடத்தில் அமர்ந்து, தசைக்குரிய மரபணுக்களை இயக்குகிறது. செல் பெருகிக்கொண்டிருக்கும் வரை, ஐடி என்ற இன்னொரு புரதம் அந்தத் துணையைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. செல்லைப் பெருகத் தூண்டும் வளர்ச்சிக் காரணிகள் குறைந்து ஐடியும் குறைந்த பிறகே ஜோடி கூடுகிறது, செல் பெருகுவதை நிறுத்திக்கொண்டு தசையாகிறது. முன்கூட்டியே கூடிவிட்டால் ஒரு தொடைக்கு வேண்டிய அளவு செல்கள் சேர்ந்திருக்காது. இந்தப் பாடத்தில் என்னை மிகவும் வியக்க வைப்பது இந்தத் தடைதான்.

செல்கள் ஒன்றோடொன்று இணைந்து, பல உட்கருக்கள் கொண்ட நீண்ட நார்களாவதற்கு மயோஜெனின் என்ற இன்னொரு மரபணு வேண்டும். அந்த மரபணுவை நீக்கிய எலிக்குட்டிகளைப் பற்றி 1993-இல் எழுதினார்கள்: தசையாக வேண்டிய செல்கள் அவற்றில் இருந்தன, நார்கள்தாம் மிகமிகக் குறைவு. குட்டிகள் அசைவின்றிப் பிறந்து, உடனே இறந்தன. கன்று எழுந்து நிற்கும் வரை நான் தொழுவத்தை விட்டு நகராததற்கு அந்த நினைவும் ஒரு காரணம்.

ஆடியில் கொறங்காட்டுக் கிளுவை வேலியைக் கழிக்கும்போது அரிவாள் பட்ட என் கெண்டைக்கால் ஆறிவிட்டது. நாரின் ஓரத்தில் உறங்கிக் கிடக்கும் சாட்டிலைட் செல்கள் விழித்து, மையோ-டியை மறுபடி இயக்கிப் பெருகி, அறுந்த இடத்தை நிரப்பியிருக்கின்றன. இப்போது கிணற்றுப் படி இறங்கி ஏறுகிறேன்.

ஐடி குறையாமலே இருந்துவிட்டால் அந்தச் செல் என்ன ஆகும் என்பதை யோசித்து வை. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது நீ சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அப்பா