நாலு டிராக் கேசட்டை எல்பி ஆக்கிக் கொடுத்தவங்களுக்கு

வணக்கமுங்க. நாலு டிராக் கேசட்டுல பதிஞ்ச எங்க ரெண்டு பேரோட முதல் ஆல்பம் இப்ப எல்பியா, அதாவது பெரிய இசைத்தட்டா வந்தாச்சு. உதவுனவங்க பேரெல்லாம் போட வேண்டாம்னு சொல்லிட்டாங்க. அதனால அவங்கவங்க பார்த்த வேலையைச் சொல்லியே நன்றி சொல்றோம்.

முதல்ல, கேசட்டுல நாலு தனித்தனித் தடமா (டிராக்) பாட்டைப் பதியற போர்ட்டாஸ்டுடியோவை இரவல் கொடுத்த பீளமேட்டு அண்ணனுக்கு. நாலு டிராக் மெஷின், கேசட்டோட ரெண்டு பக்கத்தையும் ஒரே திசையில பதியும். வீட்டு டெக்ல திருப்பிப் போட்டா மறுபக்கம் தலைகீழா ஓடும். பதிஞ்ச வேகம் நொடிக்கு 9.5 செ.மீ., வீட்டு டெக் பாதிதான். இரைச்சலைக் குறைக்கற டிபிஎக்ஸ் முறை போட்டுப் பதிஞ்சதை டிபிஎக்ஸ் இல்லாம எடுத்தா இரைச்சல் ஏறி ஏறி இறங்கும். அதே மாதிரி மெஷின் இல்லாம ஒண்ணும் நடந்திருக்காதுங்க.

அதோட பெல்ட் இளகிப் புல்லியில அப்பியிருந்துச்சு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல பஞ்சை நனைச்சுத் துடைச்செடுத்து, டேப்பை அழுத்தி நகர்த்தற, இறுகிப்போன பிஞ்ச் ரோலருக்குப் புது ரப்பர் ஏத்திக் கடைஞ்சு கொடுத்தது கணபதி லேத் பட்டறை. ரோலர் துளி சரிஞ்சாலும் டேப் மேல்பக்கமா நகர்ந்து ஓரம் மடங்கும். ஓரத்துல இருக்கிற 1, 4 டிராக்தான் முதல்ல கெடும். கோயமுத்தூர்ல பட்டறைக்குப் பஞ்சமில்லை. இத்தனூண்டு உருப்படிக்கு லேத்தை ஒதுக்கற மனுசங்கதான் அபூர்வம்.

கேசட்டுக்குள்ள, டேப்பை ஹெட்டோட அழுத்திப் பிடிக்கற பிரஷர் பேட் பசை காஞ்சு விழுந்திருந்துச்சு. அஞ்சு ஸ்க்ரூ வெச்ச புது ஷெல்லுக்கு டேப்பை மாத்துனது பொள்ளாச்சி அக்கா. டேப்பைப் படிக்கற ஹெட் பக்கத்து ஸ்க்ரூவை மயிரிழை மயிரிழையாத் திருப்பி, டேப் இரைச்சல் கூர்மையாக் கேட்ட இடத்துல நிறுத்துனாங்க. பாட்டைக் கேட்டுத் திருப்பினா ஏமாந்துருவோம், இரைச்சலைத்தான் கேக்கணும்.

மாஸ்டரிங், அதாவது கடைசியா ஒலியைச் சீர் பண்ணுன தம்பி 50 ஹெர்ட்ஸ் கரண்டு முனகலை மட்டும் எடுத்தாரு. பதியறப்ப உள்ள வந்த சோமனூர் விசைத்தறிச் சத்தம் அப்படியே இருக்கு. இரைச்சலைச் சுத்தமா வழிச்சா குரல் தண்ணிக்குள்ள இருந்து பேசறாப்ல ஆயிரும். கரடுமுரடான ஒலியோட இருக்கிற லோ-ஃபை ஆல்பத்தைக் கழுவி வெளுக்கறது எங்களுக்கு ஒப்பாதுங்க.

தட்டுல பாட்டுக்கான பள்ளம் வெட்டுறப்ப 150 ஹெர்ட்ஸுக்குக் கீழ இருக்கிற ஒலி எல்லாத்தையும் ரெண்டு காதுக்கும் நடுவுக்குக் கொண்டு வந்தாரு; பேஸ் ஒரே காதுல இருந்தா ஊசி துள்ளும். பக்கத்துக்கு 18 நிமிசத்தைத் தாண்டல. 12 இஞ்ச் தட்டோட வெளி ஓரத்துல ஊசிக்குக் கீழ நொடிக்குச் சுமார் 51 செ.மீ. ஓடுது, உள்ள போகப் போக 21-க்கு இறங்குது. ‘ச’, ‘ஸ’ ஒலியெல்லாம் உள்பக்கத்துலதான் கிழியும். அதனால சத்தமான பாட்டெல்லாம் முதல்ல, மெதுவானது கடைசியில. பாட்டோட பழைய வரிசை மாறிப்போச்சேன்னு கேக்கறவங்களுக்கு இதுதான் பதில்.

மொத்தமா அடிக்கறதுக்கு முன்னாடி வர்ற சோதனைத் தட்டுல (டெஸ்ட் பிரஸ்ஸிங்) 1.8 நொடிக்கு ஒருக்கா சுருதி ஆடுறதைக் கண்டுபிடிச்ச ஈரோட்டு நண்பருக்குத் தனி நன்றி. தட்டோட துளை சரியா நடுவுல இல்லை. அந்த நேரத்துலயே சொன்னதால ஆலையில சரி பண்ணிட்டாங்க.

தட்டோட அட்டை உறை, திருப்பூர் பனியன் பிரிண்டிங் யூனிட்ல ஸ்கிரீன் போட்டது. துணிக்கான பிளாஸ்டிசால் மை 160 டிகிரி சூடு கேக்கும், 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) அட்டை வளைஞ்சுக்கும். அதனால காகித மையில ஒவ்வொரு கலரும் காஞ்ச பிறகு அடுத்தது அடிச்சாங்க. அஞ்சு அடுக்கு (ப்ளை) அட்டைப் பெட்டியும் அவங்க ஏற்பாடுதான். தட்டை அட்டை உறைக்கு வெளிய வெச்சு அனுப்பச் சொன்னதும் அவங்கதான். உள்ள இருந்தா பார்சல் விழறப்ப உறையோட ஒட்டுன ஓரம் கிழியும்.

வாங்குனவங்க தட்டை நட்டக்குத்தலா வெயுங்க. சித்திரை வெயில்ல காருக்குள்ள விட்டுராதீங்க. பெட்டியைத் திறக்கறப்பவே வளைஞ்சிருந்தா அனுப்பி வையுங்க, மாத்தித் தர்றோம்.