கடைசித் தேதியை யார் சொல்வது?

ஆசிரியர் அவர்களுக்கு,

என் மகள் அரசு கலைக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. வேதியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர ‘ஜாம்’ என்றொரு நுழைவுத் தேர்வு இருப்பது டிசம்பரில்தான் அவளுக்குத் தெரிந்தது. அதுவும் பேருந்தில் உடன் வந்த ஒரு பெண் சொல்லி. தேர்வு பிப்ரவரியில், விண்ணப்பமோ அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. துறையில் ஒருவர்கூட இதை வகுப்பில் சொல்லவில்லை. கேட்டால், ‘நீங்கதானே பார்த்துக்கணும்’ என்கிறார்கள். சரி, எங்கள் குடும்பத்தில் இவள்தான் முதல் பட்டதாரி. வீட்டில் யார் பார்ப்பது?

‘நான் முதல்வன்’ திட்டம் 2022-ல் வந்த பிறகு திறன் பயிற்சிகள் கல்லூரிக்கே வருகின்றன. நல்லதுதான். ஆனால் எந்தப் பயிற்சி எந்த வேலைக்கு உதவும் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஓர் ஆள் வேண்டாமா? வேலைவாய்ப்புப் பிரிவுக்குத் தனி அறை இருக்கிறது. மகள் போன நாளெல்லாம் பூட்டு.

அதே கல்லூரியில் இயற்பியல் ஆசிரியர் ஒருவர், டி.என்.பி.எஸ்.சி., ரயில்வே, வங்கித் தேர்வு அறிவிப்புகளை நாளிதழிலிருந்து வெட்டி, கடைசித் தேதியைச் சிவப்பு மையில் வட்டமிட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறார். சனிக்கிழமைகளில் பழைய மாணவர்களை வரவழைத்து, நேர்முகத் தேர்வில் என்ன கேட்டார்கள் என்று பேச வைக்கிறார். இத்தனைக்கும் அவர் கௌரவ விரிவுரையாளர். அவருடைய வேலையே நிரந்தரமில்லை.

மற்ற துறைகளிலும் அந்தப் பலகையையாவது தொடங்கச் சொல்லிக் கல்லூரிக் கல்வி இயக்ககம் ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம்.

– ஒரு மாணவியின் தந்தை, திண்டுக்கல்